கொரியாவில் குளிர் வரட்டும்

சிங்கப்பூரில், டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி ஈசூனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் இரண்டு பெரியவர்கள். மூத்தவரின் மடியில், தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி.

“கொரியாவுல வெயில் குறையல, அதான் என் வீட்டுக்காரிக்குப் படையல் லேட்டாயிடுச்சு,” என்றார் அவர்.

“கொரியா வெயிலுக்கும் அண்ணி திவசத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“அங்க குளிர் வந்தாதான் இந்தப் பழம் வரும். இந்தத் தடவ குளிரே லேட்டு லா. வந்த கொஞ்சத்தையும் கிறிஸ்மஸ் கேக்குக்குன்னு பேக்கரிக்காரங்க அள்ளிட்டாங்க. திவசத்தன்னிக்கு எகிப்துப் பழம்தான் வெச்சேன். மனசு கேக்கல, அதான் இன்னிக்குத் திரும்பப் படைக்கப்போறேன். அவ இருந்தவரைக்கும் கொரியாப் பழம்தான். பெட்டி பெட்டியா மோந்து பார்த்து வாங்குவா. கடைக்காரருக்கே சிரிப்பு வந்துரும்.”

இளையவர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“மூலையில ஒண்ணு நசுங்கியிருக்கே. மாத்தி வாங்கியிருக்கலாம்லண்ணே?”

“அவரும் மாத்தித் தர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். நல்லதையெல்லாம் பேரப்பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டு, நசுங்குனதத்தானே அவ சாப்பிடுவா.”