முதுகுப் பக்கம்

மகள்: அப்பா, அதைக் கழட்டுங்க.

அப்பா: முடியாது.

நர்ஸ்: மூணு நாளா இதே ரகளைதான்மா. சாப்பிடும்போதுகூடக் கண்ணுல இருந்து எடுக்கிறதில்ல. பக்கத்து ரூம் டீச்சரம்மா கடல் பார்க்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த முதியோர் இல்லத்துக்கே, கண்ணுல மாட்டிச் சுத்திப் பார்க்கிற ஹெட்செட் இருக்கிறது ரெண்டுதான்...

அப்பா: டீச்சரம்மாவை நெஜக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறது! வேன் எதுக்கு நிக்குது வாசல்ல?

நர்ஸ்: உங்களுக்கும்தான் பனிமலை போட்டேன் சர்வேயர் ஐயா. ஒரு நிமிஷம் பார்த்தீங்களா?

அப்பா: முப்பத்தெட்டு வருஷம் மலையைச் சங்கிலி போட்டு அளந்தவன் நான். எனக்கு மலை காட்டுறாங்களாம், நாற்காலியில உட்கார வச்சு!

மகள்: சிஸ்டர், அந்த வீடியோவை அழிச்சிடுங்க. எங்க வீட்டு வீடியோவை.

நர்ஸ்: ஏம்மா? அவர் பார்க்கிறதே அதை மட்டும்தான். ஆசையா எடுத்து அனுப்பினீங்களே...

மகள்: நீங்க கேட்டீங்க, எடுத்தேன். 'பிள்ளைங்க வீட்டுக்கு வர முடியாதவங்க இதுலயாவது சுத்திப் பார்க்கட்டும்'னு ஒரு உருண்டைக் கேமராவைக் கையில கொடுத்தீங்க. அது பின்னாடியும் படம் பிடிக்கும்னு யாரு கண்டா?

நர்ஸ்: சொன்னேனேம்மா... நாலா பக்கமும் எடுக்கும்னு.

மகள்: காதுல விழல. போதுமா?

அப்பா: எதுக்குடி இப்படிப் பதறுற? பின்னாடி அப்படி என்ன இருக்கு?

மகள்: ஒண்ணுமில்ல.

அப்பா: ஒண்ணுமில்லையா! கேமராவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'இது ஹால்ப்பா, இது ஜன்னல்ப்பா, இவ்வளவுதான்ப்பா வீடு'ன்னு நீ பாட்டுக்கு முன்னாடி நடக்கிற. நான் இந்தச் சுழல் நாற்காலியில அப்படியே ஒரு சுத்து சுத்தினேன். உன் முதுகுக்குப் பின்னாடி ஒரு ரூம். கதவு திறந்து கிடக்கு. தரையில டைல்ஸ் எண்ணினேன்.

மகள்: எண்ணாம இருப்பீங்களா!

அப்பா: ஒரு டைல் ரெண்டடி. அகலத்துக்கு அஞ்சு, நீளத்துக்கு ஆறு. பத்துக்குப் பன்னிரண்டு! 'இடமே இல்லப்பா, மாடி ஏறணும்ப்பா, உங்க முட்டி தாங்காதுப்பா...' கீழேயே பத்துக்குப் பன்னிரண்டு ரூம்! அதுல ஒரு கட்டில். பிடிச்சு எழுந்திருக்கச் செவுத்துல கம்பி வேற. யாருக்குடி அந்தக் கம்பி?

நர்ஸ்: நான் வேணா அப்புறமா வர்றேன்...

மகள்: கொஞ்சம் வெளியில இருங்க சிஸ்டர்.

நர்ஸ்: ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன்மா. முழுசாக்கூடப் பார்க்கிறதில்ல. நடுவுல ஒரு துண்டு. அதை மெதுவா ஓட்டு, இன்னும் மெதுவா ஓட்டுன்னு என் உயிரை வாங்குறார்.

அப்பா: போம்மா! போய் உன் டீச்சரம்மாவைக் கவனி!

மகள்: ... என்ன துண்டு அது?

அப்பா: அந்த ரூம்ல இருந்து ஒரு பொம்பளை வர்றா. நாலு எட்டு வைக்கிறா. உன் முதுகைப் பார்த்ததும் திரும்பி உள்ள போயிடுறா. அவ்வளவுதான்.

மகள்: அது... என் மாமியார்.

அப்பா: ஓஹோ.

மகள்: அவங்களுக்கு வேற போக்கிடம் இல்லப்பா. திட்டணுமா, திட்டிக்கோங்க. மாமியாரை வச்சுக்கிட்டு அப்பனை இங்க தள்ளிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கோங்க.

அப்பா: உன் மாமியாரும் இடது கைக்காரியா? கதவை இடது கையால தள்ளுறா. மூக்குக் கண்ணாடியை இடது கையால ஏத்தி விடுறா. வாயைத் திறடி! 'அம்மா சித்தி வீட்டுல இருக்காப்பா, நல்லா இருக்காப்பா...' மூணு வருஷம்! மாசாமாசம் வந்து என் மூஞ்சிக்கு நேரா புளுகியிருக்க!

மகள்: ஆமா, புளுகினேன். இன்னும் முப்பது வருஷம்கூடப் புளுகுவேன்.

அப்பா: என் பொண்டாட்டி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியக் கூடாதா?

மகள்: கூடாது.

அப்பா: அதைச் சொல்ல நீ யாரு?

மகள்: நான் சொல்லல. அம்மா சொன்னா. நீங்க வீட்டுக்குள்ள கால் வச்ச அடுத்த நிமிஷம் அவ கிளம்பிடுவாளாம். அதான் இடமில்ல. ரூம் இருக்கு, கட்டில் இருக்கு, கம்பி இருக்கு. உங்களுக்குத்தான் இடமில்ல!

அப்பா: கத்தாதே.

மகள்: கத்துவேன்! நீங்க மட்டும்தான் கத்தணுமா? காப்பி ஆறினா கத்தல், சட்டையில பொத்தான் போனா கத்தல்... உங்க செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாலே ரேடியோவை அணைப்போம். இப்ப அவ ரேடியோ பாடப் பாடத் தூங்குறாப்பா. சிஸ்டர் போன் பண்ணின பிறகுதான் நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்துட்டா. அன்னியிலிருந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கொடுங்க அதை. அழிச்சிட்டேன்னு நான் அவகிட்டப் போய்ச் சொல்லணும்.

அப்பா: இந்தா, எடுத்துக்கோ. அழி. பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு.

மகள்: ... என்ன பார்த்தீங்க?

அப்பா: நாலு எட்டு வைக்கிறாளே... ரெண்டு ஒழுங்கா விழுது. ரெண்டு இழுத்துக்கிட்டுப் போகுது. எந்தக் கால்னு பார்க்கத்தான் மெதுவா ஓட்டச் சொன்னேன்.

மகள்: வலது கால். எலும்பு முறிஞ்சு தகடு வச்ச கால்.

அப்பா: டைல்ஸை வச்சு அளந்தேன். இடது ஒரு அடி போகுது. வலது அரை அடிகூடத் தாண்டல. ரெண்டு மாசத்துல நடை சரியாயிடும்னாரே அந்த டாக்டர்...

மகள்: பதினாறு வருஷம் ஆச்சு, சரியாகல. அதுல பதிமூணு வருஷம் அவ உங்க கண்ணு முன்னாடிதான் நடந்தா. அதைப் பார்க்க உங்களுக்கு இந்தக் கருமம் வேண்டியிருக்கு!

அப்பா: அந்தக் காலைப் பத்தி... உங்கம்மா உன்கிட்ட என்ன சொல்லியிருக்கா?

மகள்: டாக்டர்கிட்ட சொன்னதுதான். மாடிப்படியில வழுக்கிட்டாளாம்.

அப்பா: வழுக்கலடி. சட்டையில பொத்தான் இல்லைன்னு ஒரு பேச்சு... அவ எதுத்து ஒரு வார்த்தை சொன்னா. படிக்கிட்ட நின்னா. நான்தான் தள்ளிட்டேன். பக்கத்துல ஈ காக்கா இல்ல. அவ வாயைத் திறக்கல. நானும் திறக்கல.

மகள்: ஈ காக்கா இல்லைன்னு யாருப்பா சொன்னது? அந்தச் சட்டையும் ஊசியும் கையுமா நான் உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க திரும்பிப் பார்க்கல.