அவுக ட்ரயல் காட்டுறதுக்கு முன்னால

முதல்ல இத எங்கிட்டச் சொன்னது மெக்கானிக் சங்கிலிமுத்துதான். போன நோம்புப் பெருநா முடிஞ்ச மறுநா. பழைய ஜீப்பு வாங்க வர்றவுக வண்டியப் பாக்கக்கூடாதுக்கா, வண்டி நின்ன தரையப் பாக்கணும்னான். அதான் தம்பி, உங்களையும் ஒரு கை குடுத்துத் தள்ளச் சொன்னேன். இப்பப் பாருங்க. அந்தக் கறுப்பு வட்டம் தெரியுதுல்ல, ஆயிலு. ஒழுகத்தான் செய்யுது. சாம்பலப் போட்டுத் தேச்சிருந்தா மறைஞ்சிருக்கும். நாளைக்கு மறுமையில யாரு பதில் சொல்றது?

பானட்டத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கா? சூடா இருந்துச்சுன்னா, நீங்க வர்றதுக்கு முன்னாலயே கிளப்பி வச்சு ஏமாத்துறாகன்னு அர்த்தம். ஆறிக் கெடக்குற வண்டி கிளம்புதான்னுதான் பாக்கணும். இது கிளம்பாது. ஏன் சிரிக்கிறீக? சாவியத் திருப்புனா கிளம்பாதுன்னேன். தள்ளுனா பொசுக்குனு கிளம்பிரும்.

அது என்னன்னா, எங்க வீட்டுக்காரக நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி போடுறாக. மருந்து கெடக்குற எடத்துல எஞ்சின் சத்தமே கேக்கக்கூடாதுல்ல. கேட்டுலயே அணைச்சுட்டு உள்ள தள்ளிக்கிட்டுப் போகணும், லோடு எறக்கிட்டு வெளிய தள்ளிக்கிட்டு வரணும். தள்ளுன வேகத்துலயே கிளப்பிக்கிட்டு வந்துருவாக. அதே பழக்கத்துல வீட்டு வாசல்லயும் தள்ளுறதுதான். இப்படியே இருந்ததுல சாவியில கிளப்புற செல்ஃபு மோட்டாரு எப்பச் செத்துச்சுன்னு எங்களுக்கே தெரியாது. ஒரு ஃபாத்திஹா கூட ஓதல.

ஆனா ஏத்தத்துல முன்வீலும் சேந்து இழுக்கும். உங்க மல்லாங்கிணத்துக் கரிசக்காட்டுல மழை பேஞ்சா டிராக்டரே முழிக்கும், இது போயிரும். சும்மா சொல்லல, ஓட்டிப் பாருங்க.

எந்தப் பக்கம்? எடது பக்கமா? ஆமா, ஒடுக்குதான். மேல உள்ளது கரண்டுக் கம்பம். கீழ உள்ளது முனியசாமி டீக்கடைப் பெஞ்சு. அந்தக் கீறலு ஆடு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல, எந்திரிச்சு நின்னு அவுகள ஒரு மொற மொறச்சுட்டுப் போயிருச்சு. இந்தப் பக்கம் வாங்க, வலது பக்கம். நிக்காஹ் மாப்பிள்ளை கணக்கா இருக்கா? ஒரு கீறலு காட்டுங்க பாப்பம்.

ஏன் ஒரு பக்கம் மட்டும்னா... கேக்க வேண்டிய கேள்விதான். மோர் கொண்டாரவா? வேணாமா. சரி.

நான் எப்பவும் பக்கத்து சீட்டுல ஓதிக்கிட்டே போவேன் தம்பி. எம்மக மஹ்ரீன் கேலி பண்ணுவா, அம்மா ஜீப்புல ஏறுனா அவுலியா, பெரிய மகான், ஆயிருவாகன்னு. அவளுக்கு என்ன தெரியும்? பிஸ்மில்லான்னா கிளப்பலாம். சுபுஹானல்லான்னா நேராப் போகலாம். அஸ்தஃபிருல்லான்னா பிரேக்கு. எங்க ரெண்டு பேத்துக்குள்ள ஒரு பேச்சு அது. எனக்கும் நன்மை, ரோட்டுல போறவனுக்கும் நன்மை.

போன மாசம் நாரணாபுரத்துல கேட்டுல நிறுத்தல. வாச்மேன் எடது பக்கம் நின்னு கையக் கையக் காட்டுறான், இவுக எஞ்சினோட நேரா உள்ள போறாக. முன்னால தரை பூராவும் சங்குசக்கரம் காயுது. எனக்கு அஸ்தஃபிருல்லா வாயில வரல தம்பி. அம்பது வருசமா ஓதுன நாக்கு, அப்பிடியே ஒட்டிக்கிச்சு. காயப் போட்டுக்கிட்டிருந்த குருவம்மா போட்டாளே ஒரு சத்தம், ஏ பாயி, கண்ணக் கழத்தி வீட்டுலயா வச்சுட்டு வந்தீருன்னு, அதுலதான் வண்டி நின்னுச்சு. அவ காலுக்கும் டயருக்கும் நடுவுல ஒரு சொளகு வைக்கலாம், அம்புட்டுதான். அவ இன்னும் என்னயப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிறா. திருப்பட்டும். உயிரோட திருப்புறாள்ல.

அன்னைக்கே வண்டிய வித்துர்றேன்னுட்டாக. ஆனா அவுகளுக்கு ஒரு வீம்பு. வாங்க வர்றவுகள நாந்தான் பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு காட்டுவேன்னு. காரியாபட்டிக்காரரு ஒருத்தரு வந்தாரு, பாலத்துலயே எறங்கி பஸ்ஸப் புடிச்சுட்டாரு. செருப்பு ஒத்த கால் இன்னும் வண்டிக்குள்ளதான் கெடக்கு. இன்னொருத்தரு எறங்குனதும் தரையத் தொட்டுக் கும்பிட்டாரு. அவுக என்ன சொல்றாக தெரியுமா, வண்டியோட வேகம் தாங்கல பயலுகளுக்குன்னு. இப்ப ஊரெல்லாம் வண்டி சரியில்லன்னு பேரு. பாவம், வண்டி என்ன செய்யும்?

வண்டியில குறையெல்லாம் நான் சொன்ன அம்புட்டுதான். அவுகளுக்குத்தான் எடது கண்ணு தெரியாது. பொரை வளந்து வருசமாச்சு. மககிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாக. மதுரைக்குப் போயி ஆபரேஷன் பண்ணலாம்னா, ஜீப்பே போகுது, பெறகு கண்ணு எதுக்குடிங்காக.

அந்தா, தொழுகை முடிஞ்சு வர்றாக பாருங்க, தொப்பிய மடிச்சுக்கிட்டு. வந்ததும் சாவியத்தான் எடுப்பாக. பாய், நானே ஓட்டிப் பாக்குறேன்னு நீங்க முந்திச் சொல்லிருங்க தம்பி. நான் சொன்னேன்னு சொல்லிராதீக.