மூன்றாம் தளத்துக் கதவு

நீதித்துறை நடுவர் முன்னிலையில், முற்பகல் பதினொன்றே காலுக்குப் பதிவு செய்யத் தொடங்கியது. எதிரியின் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளபடி. வயது 43. தொழில் பம்பு இயக்குபவர். இருப்பிடம் சுரங்கச் சாலை, பழைய தொழிலாளர் குடியிருப்பு, ஆறாவது வரிசை, நான்காவது வீடு.

நான் மேற்படி முகவரியில் என் மனைவியுடன் குடியிருந்து வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவி துணி ஆலையில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர் சுரங்கத்துக்கு மேலே மலையில் காலங்காலமாக இருந்துவரும் மலைக்குடி மக்களைச் சேர்ந்தவர். முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு செம்புச் சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்கு வயது ஆறு. அவருடைய தகப்பனார் அந்தச் சுரங்கத்தில் 214-ஆம் எண் தொழிலாளி. சுரங்கம் மூடுவதற்கு முந்தைய நாள் மலைக்குடி ஆட்கள் பதினோரு பேர் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டதாகப் பழைய கம்பெனி வீட்டுக்கு வீடு கடிதம் கொடுத்தது. 214-ஆம் எண்காரர் வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் கேன்டீனில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு போய்விட்டார் என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். என் மாமியார் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இத்தனை வருடமும் இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு ஒரு கம்பெனி, தண்ணீர் நிரம்பிக் கிடந்த சுரங்கத்தைத் திறக்க அனுமதி கேட்டது. அதற்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்பு நடந்தது. நான் அப்போது புதுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது, நாற்காலி போடவும் மைக் வைக்கவும் என்னை அனுப்பினார்கள். என் மாமியார் எழுந்து, "எங்க ஆளுங்க உள்ள இருக்காங்க. தண்ணிய எறைச்சீங்கன்னா மொதல்ல அவங்கள வெளிய கொண்டாந்துட்டு அப்புறம் தோண்டுங்க" என்று சொன்னார். அவரைத் தொடர்ந்து பேசிய எல்லாரும் அதையே சொன்னார்கள். பின்னர் அறிக்கையைச் சுவரில் ஒட்டியபோது நான் படித்தேன். மலையின் உள்ளே தங்கள் முன்னோர் வாழ்வதாக அம்மக்கள் நம்புகிறார்கள், அந்நம்பிக்கைக்கு ஊறு நேராதபடி பணிகள் நடைபெறும் என்று அதில் இருந்தது. நானும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பின்னர் அனுமதி வந்து, மூன்று நீர்மூழ்கிப் பம்புகள் இறக்கி, தண்ணீரை வெளியேற்றும் வேலை தொடங்கியது. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை என் முறை. மணிக்கொரு தடவை நீர்மட்டம் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் போர்மேனை நாங்கள் மீட்டர் என்று கூப்பிடுவோம், குட் மார்னிங் சொன்னாலும் "எவ்வளவு?" என்றுதான் கேட்பார் என்பதால். தண்ணீர் பச்சை நிறத்தில் வந்தது. எண்பத்தேழாவது நாள் மூன்றாம் தளத்தின் தரை தெரிந்தது. அங்கே ஒரு பக்கவழியின் முகப்பில் இரும்புக் கதவு ஒன்று இருந்தது. சுரங்கத்தில் ஒரு பக்கம் தண்ணீர் உடைத்துக்கொண்டால் மற்றப் பக்கம் வராமல் தடுக்க அப்படிக் கதவு வைப்பது வழக்கம். அதன் அடியில் இருந்த வால்வைத் திறந்து இரண்டு நாள் வடியவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நானும் மீட்டரும் கதவைத் திறந்தோம். பன்னிரண்டு நட்டுகள். துருப்பிடித்திருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டும் எங்கள் பக்கம் இருந்தன. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, மேடாகக் கல் அடுக்கிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள். எலும்பும் துணியும் பெல்ட்டும். ஒருவரை ஒருவர் ஒட்டி இருந்தார்கள். ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஒரு பலகையின் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் எண்ணினேன், இருபத்திரண்டு இருந்தது. பெல்ட்டில் மாட்டியிருந்த பித்தளை வில்லைகளை மீட்டர் துடைத்துத் துடைத்து எண் வாசித்தார். ஆறாவதாக 214 வாசித்தார். எனக்கு அந்த எண் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

அதன் பின்னர் மீட்டர் மேலே தகவல் சொல்ல, மேலாளர் தானே கீழே இறங்கி வந்தார். அவர் சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நாம யாரும் அப்ப இங்க இல்ல. திங்கக்கிழமை கான்கிரீட் போட்டு இந்த வழிய அடைச்சிடலாம்" என்றார். கதவைத் திரும்பச் சாத்தச் சொன்னார். மேலே ஏறும்போது என்னிடம் மட்டும், "உங்க வீட்ல மலைக்காரங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆறிப்போனத எதுக்குக் கிளறணும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். சரிங்க சார் என்றேன்.

அன்று வழக்கம்போல் இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் மாமியார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு சனிக்கிழமை முதல் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு நாளைக்கு நான்கு தடவை கண்ணில் மருந்து விட வேண்டும். மனைவி ஆலைக்குப் போய்விடுவதால் மூன்று மணிச் சொட்டு என் பொறுப்பு. மருந்து விட்டால் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும், நான் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "மாப்ள, தண்ணி எவ்வளவு எறங்கியிருக்கு?" செவ்வாய்க்கிழமையும் கேட்டார். இரண்டாம் தளத்தில் நிற்கிறது என்று சொன்னேன். "பூமிக்கே கொழாய் போட்டு உறிஞ்சுறீங்க, இன்னும் ரெண்டாந்தளமா?" என்று சிரித்தார். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களிலும் இரண்டாம் தளம் என்றே சொன்னேன். இரவில் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு நாள் அவர், "என்னங்க, கைய இவ்ளோ நேரமாவா கழுவுவீங்க?" என்று கேட்டார். கிரீஸ் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை கான்கிரீட் கலக்கும் வண்டிகள் இரண்டு வந்தன. முற்பகலில் குழாய் இணைத்துக் கதவு வரைக்கும் கொண்டுபோனார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு எல்லாரும் சாப்பிட மேலே வந்தார்கள். உள்ளே போகிறவர்கள் வாசலில் உள்ள பலகையில் தங்கள் வில்லையை மாட்டிவிட்டுப் போய், வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் போய்ப் பார்த்தேன். பலகையில் ஒரு வில்லையும் இல்லை. இருந்தாலும் சாப்பாட்டுக் கொட்டகையில் தலைகளை எண்ணினேன், பதினாலு பேர், சரியாக இருந்தது. அதன் பின்னர் ஒன்று ஐந்துக்கு மூன்று பம்புகளையும் நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றி என் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, பேனல் அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். தண்ணீர் ஏறிவிட்டால் கான்கிரீட் போட ஆள் இறங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் மூன்றாம் தளத்தில் முழங்கால் அளவு வந்துவிடும். பம்புகளுக்குச் சேதம் வரலாம் என்பதும் தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே போனேன். மூன்று மணி ஆகியிருந்தது. முதலில் மாமியாருக்கு மருந்து விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரைப் பற்றிக் கேட்டார். மூன்றாம் தளம் என்றேன். பிறகு கதவு, பலகை, 214 எல்லாவற்றையும் பார்த்தது பார்த்தபடியே சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"தனியாவா இருந்தாரு?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. பதினோரு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க."

"பொம்பள யாரும் இல்லியே?"

"இல்ல அத்தை."

நேரமாகிவிட்டது என்று நான் சொன்னதும் கண்ணைத் திறந்து, "நீங்க என்னைக்குப் பாத்தீங்க?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு மருந்து பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பின்னர் நான் காவல் நிலையத்துக்குப் போய் டிபன் பாக்ஸை மேஜை மேல் வைத்தேன். தலைமைக் காவலர் நான் உள்ளே இருக்கும் யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்ததாக நினைத்து, நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்றார். திறந்து காட்டி, கதவுக்குப் பின்னால் பார்த்ததையும் சொன்ன பிறகு உட்காரச் சொன்னார். மாலை ஆறரைக்கு என் மனைவி, ஆலையிலிருந்து வீட்டுக்குப் போய்த் தன் தாயார் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தார். "ஆறு நாளும் எங்கூட உக்காந்துதான சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாற்றுச் சட்டை இருந்த பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை வேறு ஆட்களால் பம்புகளை ஓட்ட முடியாததால் அதிகாரிகள் உத்தரவின்பேரில் இரண்டு காவலர்கள் என்னையே சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பம்பு எரிந்துபோயிருந்தது. மற்ற இரண்டையும் சரிசெய்து ஓட்டினேன். வெள்ளிக்கிழமை மதியம் கதவைத் திறந்தார்கள். மலைக்குடி மக்கள் எல்லாரும் சுரங்க வாசலில் வந்து நின்றார்கள். பதினோரு பேரையும் ஒவ்வொருவராக வெள்ளைத் துணியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பூட்ஸ்களைத் தனியே ஒரு சாக்கில் கொண்டுவந்தார்கள். எது யாருடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் உள்ளே இருந்தபடியே வரிசையாக வைத்தார்கள். என் மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். நான் பம்பு அருகில் இருந்ததால் கிட்டே போகவில்லை. சுரங்க வேலை அன்று நிறுத்தப்பட்டது. இன்றுவரை நிறுத்தப்பட்டுள்ளது. என் மனைவி தன் தாயாருடன் மலையில் இருக்கிறார். வழக்கு நாளன்று வருகிறார், என்னுடன் பேசுவதில்லை.

நடுவர் கேட்டதன்பேரில் சொல்வது: கதவை அன்று மூடியது யார் என்று எனக்குத் தெரியாது. மேலாளர் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. மிரட்டினார் என்று சொன்னால் எனக்கு வழக்கு இலேசாகும் என்று வக்கீல் சொன்னார். அந்த ஆறு நாட்களில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், தூங்கினேன், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன்.

இதில் எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "அச்சத்தின் காரணமாக மறைத்தேன்" என்று இருந்தது. "அச்சத்தின் காரணமாக" என்ற இரண்டு சொற்களை அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். அடித்த இடத்தின் ஓரத்திலும் கீழேயும் கையொப்பம் இட்டுள்ளேன்.

(ஒப்பம்)