ஹர்த்தால் அன்று வந்த நோயாளி

டாக்டர் பட்டாபி: உன் தீசிஸ்ல முத்தாரம்மாள்னு ஒருத்தி வராளே, அவ நெஜமாவே இருக்காளா, அனுஷா?

அனுஷா: இருக்காங்க சார். ஆரியசாலையில.

டாக்டர் பட்டாபி: முட்டிவலி?

அனுஷா: இருந்துச்சு. நாம சொன்ன எக்சர்சைஸ்ல போயிடுச்சு சார்.

டாக்டர் பட்டாபி: இவளுக்கு மட்டுமா? எல்லாருக்கும் போயிடுத்து! ஒருத்தர்கூட பாதியில நிக்கல. எத்தனையோ தீசிஸ் பாத்தாச்சு கேட்டோ... இப்படி அனுசரணையான நோயாளிகளைப் பாத்ததில்ல.

அனுஷா: நல்ல மனுஷங்க சார்.

டாக்டர் பட்டாபி: ஹர்த்தால் அன்னிக்கும் வந்திருக்கா இவ. பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது...

அனுஷா: நடந்து வந்தாங்க சார்.

டாக்டர் பட்டாபி: முட்டிவலியோட?

அனுஷா: அதான் சார்... எக்சர்சைஸ்.

டாக்டர் பட்டாபி: அனுஷா!

அனுஷா: சார், இன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடலேன்னா என்னால பரீட்சை எழுத முடியாது. ப்ளீஸ்...

டாக்டர் பட்டாபி: பொய்யில என் பேர் வரப்படாது. அவளைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.

அனுஷா: இப்பவா... தூங்குவாங்களே...

டாக்டர் பட்டாபி: போடுன்னா!

முத்தாரம்மாள்: அலோ! யாரு, நம்ம அனு மோளா?

அனுஷா: டாக்டர் அனுஷா பேசுறேன்மா! ஆஸ்பத்திரி டாக்டர்!

முத்தாரம்மாள்: ஓ... அது இன்னைக்கா? சொல்லுங்க டாக்டரம்மா.

டாக்டர் பட்டாபி: அம்மா, முட்டி எப்படி இருக்கு?

முத்தாரம்மாள்: எந்த முட்டி?

அனுஷா: ரெண்டும்!

முத்தாரம்மாள்: ரெண்டும் கிண்ணுன்னு இருக்கு. டாக்டரம்மா கைராசி.

டாக்டர் பட்டாபி: ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை வந்தேள்?

முத்தாரம்மாள்: அதுல எத்தனை எழுதியிருக்கு?

டாக்டர் பட்டாபி: பாத்தியா! நோயாளியா நடிக்க ஆள் பிடிச்சிருக்கே. வெக்கமா இல்ல? நாளைக்கு நீ ஒரு டாக்டர்!

முத்தாரம்மாள்: இருங்க, இருங்க... இந்தச் சத்தம்... பட்டாபி சார்தான?

டாக்டர் பட்டாபி: ...போனை வை, அனுஷா.

முத்தாரம்மாள்: என்னைய மறந்துட்டியளா சார்? காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருது, வார்டுல ஆளே இல்லன்னு எங்க தெருவையே வேன்ல ஏத்திக்கிட்டுப் போனியளே!

அனுஷா: கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. சாருக்கு நல்லாக் கேக்கட்டும்.

முத்தாரம்மாள்: கட்டில்ல படுக்கவச்சு, யாரு கேட்டாலும் நெஞ்சு வலிக்குன்னு சொல்லணும்னு படிச்சுக் குடுத்தியளே! நான் முனகின முனகலுக்கு நீங்கதான கை தட்டுனிய!

அனுஷா: சார்... சார்?

முத்தாரம்மாள்: சார் என்ன சொல்லுதாரு மோளே?

அனுஷா: கையெழுத்தப் போட்டாரு... எந்திரிச்சுப் போயிட்டாரு, சித்தி.