தானிய மண்டபத்து வலையை அறுத்தது பற்றி

பெயர்: டெஸ்மண்ட் ஸ்கேஃப். வயது: 79. முகவரி: 4, டானர்ஸ் லேன், ஆல்டர்பிரிட்ஜ். தொழில்: எரிவாயுக் குழாய் பொருத்துபவர், ஓய்வு பெற்றவர். விசாரிக்கப்பட்ட இடம்: ஆல்டர்பிரிட்ஜ் காவல் நிலையம். நாள், நேரம்: 6 மே 2019, திங்கட்கிழமை, காலை 10.20. பதிவு செய்தவர்: காவலர் ஹோலி டன்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று காவலர் எச்சரித்தார். புரிந்தது என்றேன். வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் மேற்படி முகவரியில் ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டேன். கட்டடச் சட்டமும் சுண்ணாம்புச் சாந்தின் பக்குவமும் நகர நூலகத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டவை. ஆல்டர்பிரிட்ஜ் நகர நலச் சங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். ஊரின் பழைய கட்டடங்களையும் மரங்களையும் ஆற்றங்கரையையும் காப்பது சங்கத்தின் வேலை. சங்கத்தின் சார்பில் இதுவரை அறுபத்து நான்கு கடிதங்களை நகராட்சிக்கு எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் நகராட்சி முழுதாக ஏற்றது. இந்த வழக்குக்கு அது தேவையா என்று காவலர் கேட்டார். அதுதான் வழக்கு என்றேன்.

அந்த ஒரு கடிதம் சென்ற செப்டம்பரில் எழுதியது. சந்தைத் தெருவில் உள்ள பழைய தானிய மண்டபத்தின் கூரையைப் பிரித்து மாற்றும் வேலைக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அதன் கூரை விளிம்பில் உள்ள செங்கல் வேலைப்பாடு நூற்று அறுபது ஆண்டுகள் பழையது. ஓடு இறக்கும்போது அது உடையும் என்பதால், வேலை முடியும்வரை விளிம்பு முழுவதையும் இடைவெளி இல்லாமல் வலையால் மூட வேண்டும் என்று எழுதினேன். நகராட்சி அதை அப்படியே நிபந்தனையாக விதித்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அதன் பிறகு அக்டோபர் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எங்கள் செயலாளர் திருமதி மேவிஸ் பாஸ்கோ, வயது எண்பத்து நான்கு, மண்டபத்துக்கு நேரெதிர் வீட்டில் இருப்பவர். அந்த விளிம்பின் பொந்துகளில் ஒவ்வொரு மே மாதமும் உழவாரக் குருவிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கூடு கட்டும். முதல் குருவி வந்த நாளையும் அதைப் பார்த்தவர் பெயரையும் முப்பத்தோரு ஆண்டுகளாக அவர் பதிவேட்டில் எழுதி வருகிறார். அவர் எழுந்து, "இடைவெளியே இல்லாம மூடிட்டா குருவி எந்த வழியா உள்ள போகும் டெஸ்மண்ட்? மனு குடுத்துட்டுப் போகுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "வேலை மார்ச்சுல முடிஞ்சிடும், குருவி மே மாசம்தான் வரும், உங்களுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதா" என்றேன். அவர் தமது எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஏழு மாதங்கள் நாங்கள் பேசவில்லை. கூட்டங்களில் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் தலைவர் வழியாகக் கேட்பார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான்.

மார்ச்சில் வேலை முடியவில்லை. ஓடு வந்து சேரவில்லை. சாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வலையை விட்டுவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் நகராட்சிக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. குருவி உள்ளே இருக்கும்போது கூட்டை அடைத்தால்தான் குற்றம். வெளியே நிற்கிற குருவிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. இதை நூலகத்தில் மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

இன்று காலை 5.40 மணிக்கு என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. திருமதி பாஸ்கோ பேசினார். "டெஸ்மண்ட், வந்துடுச்சு. ஒண்ணு வலையில மாட்டிக்கிட்டுத் தொங்குது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் மேல்சட்டையை உள்பனியன் மேல் போட்டுக்கொண்டு சந்தைத் தெருவுக்குப் போனேன். வடக்குச் சுவரில், தரையிலிருந்து சுமார் பதினெட்டு அடி உயரத்தில், ஒரு குருவி ஒரு கால் வலையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று பறந்து வந்து பொந்து இருந்த இடத்தில் வலையில் மோதி, திரும்பிப் போய், மறுபடி வந்து மோதியது. பதினொரு முறை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

அதன் பிறகு நகராட்சி அவசர எண்ணை அழைத்தேன். இன்று வங்கி விடுமுறை, அலுவலகம் திறக்காது என்று பதிவுசெய்த குரல் சொன்னது. விலங்கு மீட்பாளர்களை அழைத்தேன். பதினொரு மணிக்கு முன் ஆள் இல்லை என்றார்கள். அதன் பிறகு வேலைப் பலகையில் இருந்த எண்ணில் மேற்பார்வையாளர் டேரன் ஹோல்ட்டை அழைத்தேன். அவர் தூக்கத்திலிருந்து எழுந்து, "பெரியவரே, அந்த வலையைக் கட்டச் சொன்னதே உங்க லெட்டர்தானே? அவிழ்க்கணும்னா இன்னொரு லெட்டர் போடுங்க. நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். என் கடிதத்தில் தவறு எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். தாமதம் செய்தவர்கள் அவர்கள்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய், வேலைக் காலத்து நீட்டு ஏணியையும் தரைவிரிப்பு வெட்டும் கத்தியையும் எடுத்து வந்தேன். நேரம் 6.25. ஏணியை வடக்குச் சுவரில் சாய்த்து ஏறினேன். ஏணியை யாரும் பிடிக்கவில்லை. குருவியைச் சுற்றி வலையை அறுத்து, அதைத் தொப்பியில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அதன் காலில் சுற்றியிருந்த நூல் அகற்றப்பட்டது. உழவாரக் குருவியால் தரையிலிருந்து எழும்ப முடியாது, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்ததில் சுமார் நான்கு நிமிடம் கழித்து அது கையிலிருந்து பறந்து போனது. அது என் கை.

அதன் பிறகு மறுபடி ஏறி, மிச்சம் இருந்த வலையையும் அறுத்தேன். மொத்தம் நாற்பத்தைந்து அடி. சிக்கிய குருவி அதற்குள் போய்விட்டது, ஆகவே இதற்கு அவசரம் என்ற சாக்கு இல்லை. மற்றவை வந்துகொண்டிருந்தன, அதனால் அறுத்தேன். ஏணியை எட்டு முறை நகர்த்த வேண்டியிருந்தது.

நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்த டேரன் ஹோல்ட் இன்றே, சுமார் 8.10 மணிக்கு, வண்டியில் வந்தார். "யோவ் பெரியவரே, எறங்குங்க! நீங்க விழுந்தா என் தலையில்ல உருளும்!" என்று கத்தினார். "இன்னும் மூணு அடிதான் தம்பி, சத்தம் போடாதே, வருது பாரு" என்றேன். அப்போது ஒரு குருவி எங்கள் இருவருக்கும் நடுவே வந்து பொந்துக்குள் நுழைந்தது. அவர் தலையைத் தூக்கிப் பொந்தைப் பார்த்தார். அதன் பிறகு, வலை கம்பெனிச் சொத்து, புகார் செய்யாவிட்டால் தன் வேலை போய்விடும் என்று சொல்லிக் காவல் நிலையத்தை அழைத்தார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. காவலர் வந்ததும் கத்தியை ஒப்படைத்தேன். இந்தச் செயலை நான் தனியாகவே செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை.

இதுவரை எழுதியதைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார். அப்போது, யாரும் அழைக்காமலே நிலையத்துக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த திருமதி பாஸ்கோ, திறந்திருந்த கதவு வழியாக, "திருத்தம் உண்டா?" என்று உரக்கக் கேட்டார்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டக் குறிப்பை முழுதாகப் படித்து, திருத்தம் உண்டா என்று செயலாளர் கேட்டு, உண்டானால் திருத்திய பிறகுதான் கையெழுத்து. மற்றவர்கள் எழுதியதில் நான் நூற்றுக்கணக்கான திருத்தம் சொல்லியிருக்கிறேன். நான் எழுதியதில் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. காவலர் அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். அவர், "அவன் பேனாவை வச்சுக்கிட்டு முழிக்கிறானே, அதான் கேட்டேன். எனக்கு இடுப்புலதாம்மா பிளேட்டு வச்சிருக்கு, காதுல இல்ல" என்றார்.

பேனாவைக் கீழே வைத்தேன். பின்வரும் திருத்தங்களை எழுதிக்கொள்ளக் கேட்டேன்.

ஏணியை யாரும் பிடிக்கவில்லை என்றது பொய். திருமதி பாஸ்கோ வீட்டு அங்கியோடு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். திரும்பிப் போங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். வாக்கரை ஏணிக் கால்களுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேல் தன் முழு எடையோடு சாய்ந்து நின்றார். ஏணியை நகர்த்திய எட்டு முறையும் அவரும் நகர்ந்தார். எட்டாவது முறைக்குப் பின் அவரை வீட்டுக்கு அனுப்பினேன், அதனால் ஹோல்ட் வந்தபோது அவர் அங்கே இல்லை. ஆனால் முதல் முறை ஏணியில் நின்றபோது கீழே பார்த்து, "இதை நான் செஞ்சதா மட்டும்தான் சொல்லுவேன், நீங்க வீட்டுல தூங்குறீங்க" என்று நான் சொன்னேன். ஆகவே பொய் என்னுடையது.

குருவி பறந்தது என் கையிலிருந்து அல்ல. என் விரல்கள் தடித்தவை, நூலை எடுக்க முடியவில்லை. அவர்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். கையை உயர்த்தி நின்றவரும் அவரே. நான் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். குருவி போன பிறகும் அவர் கையை இறக்கவில்லை. நானும் விடவில்லை.

மூன்றாவது திருத்தம். என் கடிதத்தில் தவறு இல்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன். தவறு இருந்தது. இடைவெளி இல்லாமல் மூட வேண்டும் என்று எழுதியவன் நான். குருவி எந்த வழியாக உள்ளே போகும் என்று அக்டோபரிலேயே கேட்டவர் திருமதி பாஸ்கோ. அவர் கேட்டது சரி.

காவலர் இதை எழுதி முடித்தார். அதன் பிறகு திருமதி பாஸ்கோ பெஞ்சிலிருந்து, "பதிவேட்டுல இந்த வருஷம் முதல் குருவியைப் பார்த்தவங்கன்னு ரெண்டு பேர் பேரு எழுதலாமாம்மா? சட்டத்துல இடம் இருக்கா?" என்று காவலரிடம் கேட்டார். காவலருக்குத் தெரியவில்லை. சங்க விதிகளில் அதற்குத் தடை இல்லை என்று நான் சொன்னேன்.

மேலே கண்டவை, மூன்று திருத்தங்களும் சேர்த்துப் படித்துக் காட்டப்பட்டு, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. இதற்கு மேல் திருத்தம் இல்லை.

(ஒப்பம்) டெஸ்மண்ட் ஸ்கேஃப்

எழுதிக்கொண்டது: காவலர் ஹோலி டன். முடிந்த நேரம்: 11.50.

திருத்தங்களுடன் சரி: மேவிஸ் பாஸ்கோ, செயலாளர். (இங்கே கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லப்பட்டது. ஆயினும் போட்டார்.)