எலும்புக்கோயிலுக்கு ஒன்பது பேர்

பங்குச் சாமியார் என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிட்டார். எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. படிச்சது அஞ்சாங்கிளாஸ். அதனால நம்ம கைம்பெண்கள் சங்கத்துக்கு ஒரு சின்னக் கதை சொல்லிட்டு உக்காந்துடுறேன். கதைன்னா... என் வீட்டு ஹாலுல நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் தொபியாஸ் கொரைரா. ஹார்பர்ல கிரேன் ஓட்டினவர். ரிட்டயர் ஆனதும் அவருக்கு ஒரே ஆசை. "வெரோனி, நம்ம பேரெல்லாம் எந்த ஊர்ல இருந்து கப்பலேறி வந்துச்சோ, அந்த ஊரை ஒருதடவை பார்த்துட்டு வந்துருவோம்." போர்ச்சுக்கல். சொந்தக்காரங்க, தெருக்காரங்கன்னு எங்க ரெண்டு பேரோட பத்துப் பேரைச் சேர்த்தார். பத்துப் பேர் இருந்தாத்தான் டூர்க்காரன் குரூப்பாக் கூட்டிட்டுப் போவானாம். கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது இவர் போயிட்டார். போர்ச்சுக்கலுக்கு இல்ல... மேல.

நம்ம பக்கம் சாவு வீட்டுல போயி துட்டி கேக்குறதுன்னா என்ன? வரணும். உக்காரணும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். அப்புறம், "எப்படிம்மா நடந்துச்சு?"ன்னு கேக்கணும். அவ சொல்லுவா. அழுவா. நூறு பேர் வந்தா நூறு தடவை சொல்லுவா. சொல்லச் சொல்லத்தான் அது நிஜமா நடந்துச்சுன்னு அவளுக்கே உறைக்கும். கிளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லாம எந்திரிச்சுப் போகணும். இதுதானே முறை?

அடக்கத்தன்னைக்கு எல்லாரும் கேட்டாங்க. ஐஸ் பெட்டி வந்துச்சான்னு கேட்டாங்க. பூசை எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. சரி, அன்னைக்கு அவங்களுக்கு வேலை.

மறுவாரம் துட்டிக்கு வந்தாங்க. கொழுந்தன் ஜெர்வாஸ், அவன் பொண்டாட்டி பிலோமி, கூடவே தல்மேதா வாத்தியார். டூருக்கு வழி போட்டது வாத்தியார்தான். உக்காந்தாங்க. சும்மா இருந்தாங்க. நான் முந்தானையைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்... இப்பக் கேப்பாங்க, இப்பக் கேப்பாங்கன்னு.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ஜெர்வாஸ், லிஸ்பன் முதல்லயா, போர்ட்டோ முதல்லயா?"

கேட்டார்ல? கேக்கத்தானே வந்தார்.

"போர்ட்டோவுல இறங்குவோம் சார். கோயிம்ப்ரா பார்த்துட்டு, பாத்திமா மாதாவைக் கும்பிட்டுட்டு, லிஸ்பனைக் கடைசியில வச்சுக்கிடுவோம்"ங்கான் கொழுந்தன்.

"எவோராவை விட்டுறாதீங்க"ங்கா பிலோமி. "அங்க ஒரு கோயில் இருக்காம் அக்கா. செவரு பூராவும் செத்தவங்க எலும்பு, மண்டையோடு. அவங்கல்லாம் யாரு, எப்படிச் செத்தாங்கன்னு கைடு விளக்கமாச் சொல்லுவாராம்."

எவ்வளவு நல்ல மனசு பாருங்க. முன்னப்பின்ன தெரியாத வெள்ளைக்காரன் எலும்புக்கிட்ட, கடல் தாண்டிப் போயி, டிக்கெட் எடுத்து, எப்படிச் செத்தீங்கன்னு துட்டி கேக்கப் போறா. இங்க ஒருத்தர் படத்துக்கு மாலை போட்டிருக்கு. அதுக்கு நேர் கீழதான் உக்காந்திருக்கா. தலையைத் தூக்கினாத் தெரியும். எவோரா அளவுக்குத் தூரம் இல்ல, பக்கம்தான்.

அப்புறம் கொழுந்தன் என் பக்கம் திரும்பினான். அப்பாடா, கேக்கப் போறான்னு நினைச்சேன். "மைனி, வருஷம் திரும்பாம நீங்க பயணம் போகக் கூடாது. ஊரு பேசும். அண்ணன் சீட்டுக்கு பிலோமி தங்கச்சி வாரா. உங்க சீட்டுக்கும் ஆள் பார்த்துக்கிடுறோம். நீங்க கவலைப்படாதீங்க."

எனக்கு வேற என்ன கவலை? சீட்டு காலியாப் போயிருமேன்னுதானே ராவும் பகலும் அழுதுக்கிட்டு இருந்தேன்.

எந்திரிச்சுப் போனாங்க. போயிட்டு வாரேன்னு சொல்லல. முறையில அந்த ஒண்ணை மட்டும் சுத்தமாச் செஞ்சாங்க.

பத்து நாள் இருக்கும். திரும்ப வந்தாங்க, அதே மூணு பேர். என் சீட்டுக்கு ஆள் கிடைக்கலையாம். ஒன்பது பேருன்னா டூர் கிடையாதாம்.

"இப்பல்லாம் அதெல்லாம் யாரு மைனி பார்க்கா? காலம் மாறிப் போச்சு"ங்கான் கொழுந்தன்.

பத்து நாளைக்குள்ள மாறிப் போச்சாம். நான் வீட்டுக்குள்ளயே கிடந்தேனா, கவனிக்கல.

"உங்களுக்கும் ஒரு மாத்தமா இருக்கும் அக்கா"ங்கா பிலோமி.

நான் சொன்னேன், "வாரேன். கருப்புச் சேலையிலதான் வருவேன். எல்லா போட்டோவுலயும் நடுவுல நிப்பேன். சரியா?"

"சரி மைனி, சரி."

"ஆனா நீங்க வந்த வேலை ஒண்ணு அப்படியே கிடக்கு. துட்டிக்கு வந்தீங்க. இன்னும் கேக்கல."

பிலோமி வளையலைத் திருகிக்கிட்டு இருந்தா. வாத்தியார் அப்பத்தான் படத்தைப் பார்த்தார். கொழுந்தன்தான் வாயைத் திறந்தான்.

"எப்படி மைனி நடந்துச்சு?"

சொன்னேன். "அந்த ஊர்த் தெருவெல்லாம் கல்லு பாவின ஏத்தம், இப்பவே ஷூ போட்டுப் பழகணும்னு வாத்தியார் சொன்னார்ல? காலையில புது ஷூவை எடுத்துட்டு இதே ஹாலுல உக்காந்தார். நான் அடுப்படியில இடியாப்பம் பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். வெந்ததும் கூப்பிட்டேன். வரல. வந்து பார்த்தா செவத்துல சாஞ்சிருக்கார். ஒரு ஷூ கால்ல. ஒண்ணு கையில."

கொழுந்தன் கேட்டான்: "எந்தக் கால்ல மைனி?"

எந்தக் கால்லன்னு கேட்டான் பாருங்க... அப்பத்தான் அவனுக்கு அவன் அண்ணன் கண்ணுக்குத் தெரிஞ்சார். "வலது கால்ல"ன்னேன். முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான். அதுக்கப்புறம் அன்னைக்கு லிஸ்பனும் இல்ல, போர்ட்டோவும் இல்ல.

இதை எதுக்குச் சொல்லுறேன்? போர்ச்சுக்கலுக்குப் போகாதீங்கன்னு சொல்லல. நானே போறேன். கருப்புச் சேலை நாலு எடுத்து வச்சாச்சு. ஆனா துட்டிக்குப் போனா, வாயைத் திறந்து கேளுங்க. கேட்டா அழுதுருவாளேன்னு பயப்படாதீங்க. அழத்தான் உக்காந்திருக்கா. நீங்க கேக்கலைன்னா, அந்த மனுஷன் எப்படிப் போனார்ங்கிறதை அவ ஒருத்தியே சுமந்துக்கிட்டு இருக்கணும்.

கடைசி பெஞ்சுல செலஸ்டின் இருக்கா. புருஷனை அடக்கம் பண்ணி ஒரு மாசம் ஆகல, இன்னைக்குத்தான் முதல்ல நம்ம கூட்டத்துக்கு வந்திருக்கா. சாப்பாட்டுப் பந்தியில எல்லாரும் என்கிட்ட வந்து டூர் என்னைக்கு, எந்த ஊரு முதல்லன்னு கேக்கப் போறீங்க, எனக்குத் தெரியும்.

என்கிட்ட வராதீங்க. அவகிட்டப் போய் உக்காருங்க... போய்க் கேளுங்க.