பெல்ட் கட்டிவிட்டவர்

புதூர்நாட்டுக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பேர். மடியில் தேன் டின் வைத்திருந்தவர் மலைக்காரர். மற்றவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"சண்டைக்குப் போற பைலட்ட சீட்டுல ஒக்கார வச்சி பெல்ட்டு கட்டிவுட்டது நீங்களா? அப்ப நீங்க அவருக்கு மச்சானா?" என்று மலைக்காரர் கேட்டதும், வெளியே பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினேன்.

"இல்லீங்க, அவரு பஞ்சாபி. ஏன் கேக்கறீங்க?"

"எங்கள்ல தேனெடுக்கப் பாறையில எறங்குனா, மேல கயிறு புடிக்கறது பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான். தங்கச்சி தாலிய நெனச்சி அவன் கைய வுடமாட்டான்."

மெக்கானிக் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைத் தொட்டார்.

"அவரு சம்சாரமும் அப்பிடித்தான் நெனச்சாங்க போல. எழுபத்தொண்ணு சண்டைக்கு நாலு மாசம் முன்ன, 'இனிமே நீ எனக்கு அண்ணன்'னு சொல்லி இதே மாதிரி ஒண்ணு கட்டினாங்க. அவுங்க ஊரு வழக்கம் அது."

"சண்டையில அவரு இன்னா ஆனாரு?"

"ரெண்டு விமானத்த வானத்துலயே சுட்டு சாய்ச்சாரு. மூணு தடவ போனாரு. மூணு தடவயும் நான் கட்டின பெல்ட்ட நானே அவுத்து எறக்குனேன்."

ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. மலைக்காரர் டின்னை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நாலாவது தடவ?"

"கட்டினேன். அவுக்கல."

மலைக்காரர் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தக் கயிறு?"

"போன மாசம் தபால்ல வந்துது. வருஷம் தவறாம வந்துகினுதான் இருக்குது."